மூன்றாவது பேட்டரியும் படுத்துவிட்டதா? நான்காவதை உடனே வாங்காதீர்கள்

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். எட்டு வருடப் பழைய சிறிய பெட்ரோல் கார். பள்ளிக்குப் போவது பைக்கில். கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிறது. இரண்டரை வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றியாகிவிட்டது. நான்கு நாள் நின்றால் போதும். ஐந்தாம் நாள் சாவியைத் திருப்பினால் விளக்கெல்லாம் மங்கி, 'டகடகடக' என்ற சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பினால் அன்று முழுவதும் ஒரு குறையும் இல்லை. கடைக்காரர் "பேட்டரி வீக், மாற்றிவிடலாம்" என்கிறார். ஸ்டீரியோ மாற்றியதைத் தவிர வண்டியில் வேறு எதிலும் கை வைக்கவில்லையாம். என்ன செய்வது?

சார், உங்கள் கேள்வியில் அந்தக் கடைசி வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இரண்டரை வருடத்தில் மூன்று பேட்டரி என்றால், மூன்று தடவையும் மட்டமான சரக்கே வந்து வாய்த்திருக்காது. வண்டிக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு பேட்டரியைக் கொன்றுகொண்டிருக்கிறது. நீங்கள் பிணத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

வேலூரில் முப்பது வருடம் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறை நடத்தியவன் நான். இந்த ஊரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு: ஆறு உண்டு தண்ணீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி எழுந்தருளியதால் அந்தக் கடைசி இடம் காலியாகிவிட்டது. 'பேட்டரி உண்டு, சார்ஜ் இல்லை' என்று அங்கே எழுதிக்கொள்ளலாம் என்று பட்டறையில் சொல்லிச் சிரிப்போம். அத்தனை வண்டிகள் இந்த ஒரே புகாரோடு வந்திருக்கின்றன.

பேட்டரியை உங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் குழாயைத் திறக்கிறீர்கள், தண்ணீர் இல்லை. தொட்டியே விரிசல் விட்டிருக்கலாம். மோட்டார் ஒழுங்காக ஏற்றாமல் இருக்கலாம். எங்கோ ஒரு குழாய் மூடப்படாமல் ராத்திரி முழுக்க ஒழுகியிருக்கலாம். காரிலும் இதே மூன்றுதான்: பேட்டரி, அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், வண்டி நிற்கும்போது திருட்டுத்தனமாக இழுக்கப்படும் கரண்ட். மூன்றாவதைப் பட்டறையில் லீக்கேஜ் என்போம். எது என்று பார்க்காமல் தொட்டியை மட்டும் மாற்றினால் முதல் நாள் நிரம்பித் தெரியும், ஐந்தாம் நாள் காலி.

மீட்டரைத் தொடுவதற்கு முன்பே, நீங்கள் சொன்னதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். உங்கள் வண்டி வகைக்குப் பெரும்பாலும் 35 ஏ.எச். பேட்டரி, அதாவது 35 ஆம்பியர்-மணி. அதில் பாதி இறங்கினாலே பழகிய பேட்டரி, என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைச் சுற்றத் தடுமாறும். நான்கு நாள் என்பது 96 மணி நேரம். 17 ஆம்பியர்-மணி 96 மணி நேரத்தில் போக வேண்டுமானால் இடைவிடாமல் 0.18 ஆம்பியர், அதாவது 180 மில்லி ஆம்பியர் ஓடியிருக்க வேண்டும். முழுவதுமே காலியாக வேண்டுமானால் 365. ஆக, பேட்டரி நல்லது, நான்கு நாளுக்கு முன் முழுதாக நிரம்பியிருந்தது என்று வைத்துக்கொண்டால், உங்கள் கார் சும்மா நிற்கும்போது 180க்கும் 365க்கும் இடையில் குடிக்கிறது. ஒழுங்கான காரில் இது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கடிகாரம், சென்டர் லாக், கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்த்து பல வண்டிகளில் 20, 30தான் வரும். 50 என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி; பத்து நாள் நின்றாலும் வண்டி கிளம்பும்.

இது கணக்குதான், தீர்ப்பு இல்லை. பேட்டரி உள்ளுக்குள் சுருங்கிப்போயிருந்தால் குறைந்த லீக்கேஜே போதும். அதனால் சோதனை வேண்டும். அதில் முதலாவதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்றும் சாதாரண மல்டிமீட்டரும் போதும்.

வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கொடுத்து வெளியே ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். 35 ஏ.எச். பேட்டரிக்கு மூன்று, மூன்றரை ஆம்பியர் போதும். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்தச் சூட்டில் உள்ளே தகடு வளையும். சார்ஜ் முடிந்து நாலைந்து மணி நேரம் ஆறிய பிறகு டெர்மினல் இரண்டிலும் மீட்டரை வையுங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்தான். மேலோட்டமாகப் பார்த்தால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் இருக்கிறதே என்று தோன்றும். முழுசுக்கும் காலிக்கும் நடுவில் முக்கால் வோல்ட்கூட வித்தியாசம் இல்லை என்பதுதான் பலரை ஏமாற்றும் இடம்.

பிறகு பேட்டரியை வண்டியில் வைத்து, பாசிட்டிவ் ஒயரை மட்டும் மாட்டி, நெகட்டிவ் ஒயரை மாட்டாமல் ஒரு துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். நான்கு நாள் அப்படியே இருக்கட்டும். ஐந்தாம் நாள் வோல்ட்டைப் பார்த்துவிட்டு நெகட்டிவை மாட்டிச் சாவியைத் திருப்புங்கள்.

வண்டி பட்டென்று கிளம்பினால் பேட்டரி நல்லது, குடிப்பது உங்கள் கார்தான். யாரும் இழுக்காமலே பேட்டரி 12.3க்கும் கீழே இறங்கிக் கிடந்தால் விரிசல் தொட்டியில். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் "நாலு நாள் யார் சார் காத்திருப்பது" என்று புதுப் பேட்டரி வாங்கிப் போய்விடுவார்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பானர் பாடியைத் தொட்ட நொடியில் வெல்டிங் வைத்தது போலப் பொறி பறக்கும். கையில் மோதிரம் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

பேட்டரியே குற்றவாளி என்றால் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. மூடி திறக்கிற வகையாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் உள்ளே இருக்கும் ஆறு செல்லையும் (அறையையும்) பாருங்கள். ஐந்து ஒரே மாதிரி காட்டி ஒன்று மட்டும் 0.050 அளவுக்குத் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் போய்விட்டது. தண்ணீர் தகட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் கூடாது; நம் பாலாற்றுப் படுகைத் தண்ணீரின் உப்பு உங்களுக்கே தெரியும். கேன் தண்ணீரும் கூடாது, ஏ.சி.யிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றுவதும் கூடாது. ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். ஆசிட் கொட்டாத வரை உள்ளேயேதான் இருக்கும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வேலூர்க்காரன் பேட்டரியைப் பற்றிப் பேச முடியாது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பேட்டரிக்கு எதிரி குளிர்தான் என்று இங்கேயும் சிலர் சொல்கிறார்கள். குளிரில் பேட்டரியின் பலம் குறையும், அது உண்மை. ஆனால் ஆயுளைத் தின்பது சூடு. நாற்பதைத் தாண்டும் அக்னி நட்சத்திரத்தில், ஓடி நின்ற என்ஜினுக்குப் பக்கத்தில், மூடிய பானெட்டுக்குள் பேட்டரி வேகிறது. தண்ணீர் வற்றுகிறது, உள்ளே ஈயத் தகட்டின் சட்டம் அரித்துப்போகிறது, சும்மா இருந்தாலே சார்ஜ் வேகமாக இறங்குகிறது. மே மாதம் வாங்கிய அடி மார்கழிக் காலையில்தான் வலிக்கும். அப்போது செல்ஃப் எடுக்காமல் போக, பழி பனியின்மேல் விழும். இந்த ஊரில் ஒரு பேட்டரி மூன்று, மூன்றரை வருடம் உழைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்து மாதத்துக்கு ஒன்று என்பதற்கு வெயில் பொறுப்பில்லை.

ஆல்டர்னேட்டரைப் பார்ப்பது எளிது. சாவியை ஆன் செய்ததும் மீட்டர் பலகையில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும்; என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சாவி போட்டதும் அது எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்பட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது; பழைய வகை ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் உசுப்பலே அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏ.சி. இரண்டையும் போட்டு ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தாலும் 13.5க்குக் கீழே போகக் கூடாது. 15ஐத் தாண்டினால் அதுவும் ஆபத்து: வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. சமீபத்திய வண்டிகளில், சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் வகைகளில், கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும்; அவற்றுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. உங்கள் எட்டு வருட வண்டிக்குப் பெரும்பாலும் பொருந்தும்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைத் திட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். என்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கி, "பார், வண்டி ஓடுகிறது, ஆல்டர்னேட்டர் நல்லது" என்று காட்டும் வித்தை. டைனமோ வைத்த அம்பாசடர் காலத்தில் செய்தது. இன்றைய வண்டியில் செய்தால் வோல்ட் ஒரு கணம் நாற்பதுக்கு மேல்கூட எகிறி, கம்ப்யூட்டரையே சாப்பிட்டுவிடும். யாராவது உங்கள் வண்டியில் அப்படிச் செய்யக் கை நீட்டினால் தட்டிவிடுங்கள்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றித் தேய்த்து, உட்பக்கம் பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கி மாட்டிய பிறகு வாசலின் பூசுங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போகக் கூடாது. என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் அசைத்துப் பாருங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் இது முக்கியக் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. டெர்மினல் கோளாறு நான்கு நாள் கணக்குப் பார்த்து வராது. காலையில் கிளம்பி மதியம் கிளம்பாது, ஒரு தட்டு தட்டினால் கிளம்பும்.

"வாரம் ஒரு முறைதான் எடுக்கிறேன், அதனால்தானா?" என்றும் கேட்பீர்கள். பாதிதான் சரி. வண்டியைக் கிளப்புவது பேட்டரியை உறிஞ்சிவிடும் என்பது ஒரு மூடநம்பிக்கை. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு நொடிதானே இழுக்கிறது? கணக்குப் போட்டால் ஓர் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்து நிமிட ஓட்டத்தில் திரும்பி ஏறிவிடும். பிரச்சினை வேறு. நான்கு நாளில் 17 ஆம்பியர்-மணி போய்விட்ட பேட்டரி, ஞாயிற்றுக்கிழமை கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்து கடைக்குப் போய் அரைமணியில் திரும்பினால் நிரம்பாது. முதலில் சார்ஜை ஆசையாக வாங்கும். நிரம்ப நிரம்ப வாங்குவதைக் குறைத்துக்கொண்டே வரும். ஆகவே அரைப் பட்டினியிலேயே வாரம் முழுக்கக் கிடக்கிறது. அப்படிக் கிடக்கும் ஈயத் தகட்டின்மேல் சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. உங்கள் முந்தைய பேட்டரிகள் செத்தது இப்படித்தான் இருக்கும்.

இனி லீக்கேஜ். பொறுமை இல்லாதவன் இதைத் தொடக் கூடாது.

மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் துளைக்கு மாற்றுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். ஒரு கதவைத் திறந்து, அதன் பூட்டு நாக்கை ஸ்குரூ டிரைவரால் மடக்கி, கதவு மூடியிருப்பதாக வண்டி நம்பும்படி செய்யுங்கள்; ஃபியூஸ் பெட்டிக்குக் கை போக வேண்டுமே. சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். சாவியைக் காட்டினாலே திறக்கும் வகை வண்டியில், சட்டைப் பையில் சாவியோடு நின்றுகொண்டு இரண்டு மணி நேரம் இல்லாத லீக்கேஜைத் தேடியவன் நான். என் உடம்பு பக்கத்தில் இருந்தவரை வண்டி தூங்கவே இல்லை.

இப்போது நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கழற்றிய ஒயரின் முனையில் மீட்டரின் சிவப்பு, பேட்டரியின் நெகட்டிவ் கொம்பில் கறுப்பு. கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். வைத்தவுடன் இரண்டு, மூன்று ஆம்பியர் காட்டும். பயப்படாதீர்கள்; வண்டி விழித்துக்கொண்டிருக்கிறது. இருபது நிமிடம், சில வண்டிகளில் அரைமணிகூட ஆகும், ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தூங்கப் போகும். எண் படிப்படியாக இறங்கும். கடைசியில் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. 0.05க்குக் கீழே என்றால் லீக்கேஜ் இல்லை. 0.18, 0.30 என்று நின்றுவிட்டால் திருடன் வீட்டுக்குள் இருக்கிறான். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே அடுத்த நாள் பேட்டரி வோல்ட் பார்க்க வைத்தால் நேர் ஷார்ட். என் பட்டறைப் பையன்களில் ஒருவர் விடாமல் எல்லோரும் ஒரு தடவையாவது இதைச் செய்திருக்கிறார்கள்.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் ஒழுகல். பிடுங்கி மீண்டும் செருகும்போது சில கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும் என்பதால், கைதேர்ந்தவர்கள் ஃபியூஸைத் தொடாமல், அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்துப் பார்ப்பார்கள். பூஜ்யம் என்றால் அந்த வழியில் கரண்ட் ஓடவில்லை. ஓரிரு மில்லி வோல்ட் தெரிந்தாலும் ஓடுகிறது என்று பொருள். எல்லா ஃபியூஸையும் பார்த்தும் எண் அசையவில்லை என்றால் கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகப்படுங்கள். அதன் தடித்த ஒயர் பெரும்பாலும் இந்தப் பெட்டி வழியாக வருவதில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பழைய முறை. பெரிய ஒழுகல் கைக்குத் தெரியும், சிறியது தெரியாது.

குடியாத்தத்திலிருந்து லுங்கி வியாபாரி ஒருவர் வந்தார். மூன்று பட்டறை பார்த்து, புது ஆல்டர்னேட்டர் போட்டு, இரண்டு பேட்டரியும் மாற்றியிருந்தார். மீட்டரில் 0.41இல் வந்து நின்றது. உள்விளக்கு ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.02. ஆனால் கதவை மூடினால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை. மனிதர் என்னை நம்பாமல் பார்க்கிறார். 0.41ஐ 12 வோல்ட்டால் பெருக்கினால் ஐந்து வாட். ஐந்து வாட் பல்பு எங்கே இருக்கும்? டிக்கியில். அவருடைய போனையே வாங்கி, வீடியோ ஓடவிட்டு, டிக்கிக்குள் நிமிர்த்தி வைத்து மூடினேன். ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தோம். மூடிய டிக்கிக்குள் விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. லுங்கிக் கட்டுகளைத் திணித்துத் திணித்து, விளக்கை அணைக்கும் சிறிய சுவிட்சின் தகடு வளைந்து, மூடி அதைத் தொடவே இல்லை. கட்டை விரலால் தகட்டை நிமிர்த்தினேன். மீட்டர் 0.02. இதற்கு எவ்வளவு கூலி கேட்பது என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

உங்கள் வண்டியில் டிக்கி விளக்கையும் பார்த்துவிடுங்கள். ஆனால் அது எரிந்தால் நான்கு நாளில் 40 ஆம்பியர்-மணி போய், 'டகடக' கூடக் கேட்காது. ஒரு விளக்கும் எரியாது. உங்களுக்குச் சத்தம் வருகிறது, விளக்கு மங்கலாக எரிகிறது. ஆகவே என் கண் ஸ்டீரியோவின் மேல்தான்.

வெளியில் வாங்கிப் பொருத்தும் ஸ்டீரியோவில் மூன்று ஒயர் முக்கியம். கறுப்பு எர்த். மஞ்சளுக்கு எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும். அது நினைவுக்கு மட்டும், மிகக் குறைவாகத்தான் இழுக்கும். சிவப்புக்குச் சாவி போட்டால்தான் கரண்ட் வர வேண்டும். பெட்டியை எழுப்புவதும் தூங்க வைப்பதும் அதுதான். பொருத்துகிறவருக்கு அவசரம், சாவி வழியாக வரும் ஒயரைத் தேட நேரம் இல்லை. மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி நேர் கரண்டில் கொடுத்துவிடுவார். பாட்டுப் பாடும், படம் தெரியும், நீங்களும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள். திரை அணைந்தாலும் பெட்டி தூங்காது. ஆண்ட்ராய்டு திரை வகை என்றால் இரவு பகல் பாராமல் இரண்டு, மூன்று நூறு மில்லி ஆம்பியரை இழுத்துக்கொண்டே கிடக்கும்.

இதைப் பார்க்க மீட்டர்கூட வேண்டாம். சாவியை வெளியே எடுத்து, கதவைத் திறந்து மூடிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து சாவி போடாமலே ஸ்டீரியோவின் பொத்தானை அமுக்குங்கள். உயிர் வந்து பெயரைக் காட்டினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். வராவிட்டாலும் முழுக்க விடுதலை கொடுக்க வேண்டாம். அதன் ஃபியூஸைப் பிடுங்கி மீட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஸ்டீரியோவோடு சேர்த்து ஆம்ப்ளிஃபயர், முன்கண்ணாடிக் கேமரா, ஜி.பி.எஸ். பெட்டி ஏதாவது மாட்டியிருந்தால் அவற்றையும். ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் பேட்டரியை இழுக்கிறதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அதற்கு ஒயரும் இல்லை, கரண்டும் வேண்டாம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் இருக்கும் கருவி அனுப்பும் அலையிலேயே அது பதில் சொல்லிவிடுகிறது.

ஒயரைச் சரிசெய்வது எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் அரைமணி வேலை. "பேட்டரி இறங்குகிறது, பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். மீண்டும் பேட்டரியைத்தான் பார்ப்பார். "சாவி எடுத்த பிறகு இவ்வளவு மில்லி ஆம்பியர் நிற்கிறது, ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்கினால் விழுகிறது, சிவப்பு ஒயரைச் சாவி லைனுக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். முடிந்ததும் அவர் கண் முன்னாலேயே மீண்டும் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள்.

இப்போதிருக்கும் மூன்றாவது பேட்டரி பிழைக்குமா என்பது எத்தனை தடவை தரைமட்டமாகப் போனது என்பதைப் பொறுத்தது. லீக்கேஜை நிறுத்தி, முழுச் சார்ஜ் போட்டு, செல்ஃப் அடிக்கும்போது டெர்மினலில் மீட்டரைப் பிடியுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். விழுந்தால், வாரன்டி அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாற்றித் தரும் பேட்டரியின் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், அங்கேயே மீட்டர் வைத்து 12.5க்குக் குறைவாக இருந்தால் வேறு கேளுங்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெருவோடு திரும்பாமல் ஆற்காடு வரை ஒரு நடை போய் மக்கன் பேடா வாங்கி வாருங்கள். போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும், நெடுஞ்சாலை ஓட்டம், பேட்டரி நன்றாக ஏறும். கோடை விடுமுறையில் மாதக்கணக்கில் ஊருக்குப் போவதென்றால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து மாட்டிய பிறகு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.